பேர் வைக்க முடியாத பிரவுசர்

கோமதிநாயகத்துக்குப் பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளுவது என் வேலை. அவனுக்கு வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிற உத்தியோகம். ஆளும் லட்சணமாக இருப்பான். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பேச ஆரம்பித்தால் அளந்துவிடுவான். போன தடவை பார்த்த வீட்டில், சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி வரைக்கும் தான் ஒருவனே ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடி இணைப்புக் கொடுத்ததாகச் சொன்னான். பெண் வீட்டார் தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

இந்தத் தடவை கோவில்பட்டி. பஸ்ஸிலேயே அவன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “எய்யா, இந்தப் பிள்ளை போட்டோவைப் பாத்ததிலேருந்து நீ சரியாச் சாப்பிடல. எனக்குத் தெரியும். இதுவும் உன் வாயால போச்சுன்னா, இனிமே நான் எந்த வீட்டுப் படியும் ஏற மாட்டேன்” என்றாள். அவன் தலையை ஆட்டினான். செண்பகவல்லியை அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. போனில் வந்த அந்தப் போட்டோவை வழியெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பெண்ணின் அப்பா குருநாதன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து நடத்துகிறவர். சாது. தாய்மாமன் சுடலைமுத்து, மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால்கூட அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றியும் பஸ்ஸில் இடம் கிடைத்ததைப் பற்றியும் பேச்சு போனது. நாயகம் ‘ஆமா’, ‘இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் குருநாதன் தன் கடைக் கஷ்டத்தை எடுத்தார். கம்ப்யூட்டர்கள் பழசு. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிறவர்கள் உட்கார்ந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்களாம். பிரவுசரை மாற்று என்று ஆளுக்கொரு பேரைச் சொல்லுகிறார்களாம்.

“தம்பி நெட்டு வேலையிலேயே இருக்கீங்க. வேகமாவும் இருக்கணும், வயசானவங்களுக்கும் சட்டுன்னு புரியணும். எதைப் போடலாம்?” என்று கேட்டார்.

நாயகத்தின் முதுகு நிமிர்ந்தது. “மாமா, சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்கீங்க” என்றான். இன்னும் ஒன்றுமே முடிவாகவில்லை, அதற்குள் மாமா.

வீட்டில் இருக்கிற எல்லா பிரவுசரையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டுப் பந்தயம் விட்டானாம். எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தைத் திறந்தானாம். மற்றதெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்க, ஒன்று மட்டும் பட்டென்று திறந்துகொண்டதாம். இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. நானும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். குருநாதன் குறித்துக்கொள்வதற்காகப் பேனாவைத் தேடினார்.

“அது பேரு என்ன?” என்றார் சுடலைமுத்து.

“அதுக்குப் பேரே இன்னும் வைக்கலை மாமா. கம்பெனிக்காரன் பேரு வைக்க உக்காருதான், அவன் முதல் எழுத்தை எழுதுறதுக்குள்ள அது அடுத்த வெர்ஷனுக்குப் போயிருது.”

கிள்ளினேன். அவன் தொடை அதற்குள் மரத்துப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த பிரவுசர் ஓடும்போது கம்ப்யூட்டர் மேசையோடு நகர்ந்து வாசல் வரைக்கும் போய்விடுமாம். அதனால் மேசைக் காலை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறானாம். பக்கம் திறக்கிற வேகத்தில் ஒரு காற்று கிளம்புமாம் பாருங்கள், சுவரில் தொங்குகிற தினக் காலண்டரில் ஒரு கொத்துத் தாள் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுமாம். அதை நம்பி அவன் அம்மா கார்த்திகைக்கு முந்தின வாரமே விளக்கேற்றிவிட்டாளாம். அந்த அம்மா தலை நிமிரவில்லை. தரையில் போட்டிருந்த டைல்ஸில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கரண்டு பில்லுகூட அதுலதான் கட்டுதேன்” என்று நாயகம் தொடர்ந்தான். “ரீடிங் எடுக்க ஆள் வாரதுக்கு முன்னாடியே பில்லு கட்டி முடிஞ்சிருது.”

தன்னுடைய இலாகாவைத் தொட்டதும் சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “ரீடிங்கே எடுக்கலை, எந்தக் கணக்குல பில்லு வரும்?” என்று கேட்டார்.

“அதைத்தான் அவரும் கேட்டாரு. மீட்டர் முன்னாடி நின்னுக்கிட்டு, இனிமே எனக்கு இங்க என்ன வேலைன்னு அழுதுட்டாரு மாமா. மோர் குடுத்துச் சமாதானம் பண்ணி, பஸ் ஏத்திவிட்டோம்.”

குருநாதன் நல்ல மனிதர். பேச்சை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கும். வேகம் இருக்கட்டும், எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, சுலபமாக இருக்குமா என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

நாயகம் வீட்டு ஆடு ஒருநாள் உள்ளே வந்து கீபோர்டை மிதித்துவிட்டதாம். மறுநாள் காலையில் வாசலில் ஒரு வண்டி நிறைய அகத்திக்கீரை வந்து இறங்கியதாம். ஆடு, விலாசம் முதற்கொண்டு தப்பில்லாமல் போட்டிருந்ததாம்.

“ஓடிபி வந்திருக்குமே, அதையும் ஆடுதான் பாத்துச்சோ?” என்றார் சுடலைமுத்து.

“அது அம்மா போனுக்கு வந்துச்சு. ஏம்மா, ஞாபகம் இருக்குல்ல?”

அந்த அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “நம்ம வீட்டுல ஆடே கிடையாதே” என்றாள்.

“இப்பக் கிடையாது. அதான் வித்துட்டோமே. அது பாட்டுக்கு ஆர்டர் போட்டுக்கிட்டே இருந்தா குடும்பம் தாங்குமா?”

உள்ளே சமையல்கட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. யாரோ முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரிப்பது போல் எனக்குக் கேட்டது. நாயகத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதன்பிறகு அவனைப் பிடிக்க என்னால் ஆகவில்லை.

தட்கல் டிக்கெட்டுக்கு வந்தான். அந்த பிரவுசரை அடக்கி ஓட்டத் தெரியாதவர்கள் தட்கல் பக்கமே போகக்கூடாதாம். ஒருநாள் கொஞ்சம் வேகமாகத் தட்டிவிட்டானாம். அது நேற்றைய ரயிலுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டதாம். பணம் வீணாகிறதே என்று, என்னை அந்த ரயிலில் ஏற்றி அனுப்பினானாம்.

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினார். “நீங்க போனீங்களாக்கும், தம்பி?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த தோஷமோ என்னவோ, “ஜன்னல் சீட்டு கிடைச்சுது” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

நாயகம் குரலைத் தாழ்த்தினான். முக்கியமான ரகசியம் சொல்லப் போகிறான் என்று அர்த்தம். “இதெல்லாம்கூடப் பெருசில்ல மாமா. இப்பல்லாம் நான் டைப் அடிக்கிறதே கிடையாது. கேள்வியை மனசுல நினைக்கிறதுக்கு முன்னாடியே பதில் வந்து திரையில நிக்கிது. முந்தாநாள் பாருங்க, ‘ஆமாம், இடது காலில்தான்’னு ஒரு பதில் வந்துச்சு. என்ன கேள்வின்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குப் பிடிபடலை. ராத்திரியெல்லாம் யோசிக்கேன்.”

சுடலைமுத்து எழுந்துவிட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாயகத்தின் அம்மாவைப் பார்த்து மரியாதையாகத்தான் சொன்னார். “நல்லதும்மா. நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். ஏற்கனவே போன வீடுகளிலும் இதையேதான் சொன்னார்கள். ஒரு வீட்டிலிருந்தும் சொல்லி அனுப்பவில்லை. அந்த அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கண் நிறைந்திருந்தது. நாயகம் அதைப் பார்த்தான். காற்றுப் போன பலூன் மாதிரி நாற்காலியில் அப்படியே சுருங்கிவிட்டான். எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபம் இருந்தது, அதைவிட வருத்தம் இருந்தது.

அப்போது செண்பகவல்லி காப்பித் தட்டோடு வந்தாள். போட்டோவில் இருந்ததைவிட மாநிறம். கண்ணோரம் சிரித்த ஈரம் இன்னும் காயவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, நாயகத்தின் டம்ளரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, நான் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். குருநாதன் மைத்துனரைப் பார்த்தார். சுடலைமுத்து வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார்.

“கேக்கிறதுக்கு முன்னாடியே பதில் வந்துரும்னு சொன்னீங்க. அப்ப, உங்களை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு காலையிலேயே உங்களுக்கு வந்திருக்குமே. என்ன வந்துச்சு?”

இவன் விடமாட்டான், ‘சம்மதம்’ என்று வந்தது, கல்யாணப் பத்திரிகையே அச்சாகி வந்தது என்று எடுத்துவிடப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். கிள்ளுவதற்குக் கையைக்கூடக் கொண்டுபோய்விட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு செண்பகவல்லியைப் பார்த்தான்.

“வேண்டாம்னுதாங்க வந்துச்சு” என்றான்.

“அது தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?”

அவன் குரல் உள்ளே போய்விட்டது. “அது இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்லைங்க. இன்னைக்கு ஒரு நாளாவது பொய் சொல்லியிருக்கக் கூடாதான்னு நினைச்சுத்தான் பஸ் ஏறினேன்.”

சுடலைமுத்துகூட மறுத்து ஒன்றும் கேட்கவில்லை. செண்பகவல்லி குனிந்து டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

“காலையில பாத்தது பழைய பக்கமா இருக்கும்” என்றாள். “இப்ப ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க.”