உள்ளான் காலில் ஊற்றிய வெந்நீர்

முதலில் நிழல் போயிற்று. பறவைகள் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், கழிமுகத்து அலையாத்தி மரத்தடி முழுவதும் தன்னுடையது என்றான் ஒரு கூழைக்கடா. சேற்றில் புழு பொறுக்கிப் பிழைக்கும் சிறு உள்ளான்கள், "சரி அண்ணாச்சி" என்று வெயிலுக்கு நகர்ந்தார்கள். அடுத்துச் சேறு போயிற்று. தண்ணீர் தன்னுடையது, அதனால் அடியில் கிடக்கும் சேறும் தன்னுடையது என்றான். அதற்கும் சரி. மூன்றாவதாக, சேற்றில் கால் வைக்கிறவர்கள் தனக்கு இறால் விரட்டித் தர வேண்டும் என்றான். நான்காவதாக, உச்சிப்பொழுது ஓய்வைப் பறித்தான். ஐந்தாவதாகத்தான் வெந்நீர் வந்தது.

உப்பு விளையும் பள்ளத்தில், வெயிலில் கொதித்த நீரைத் தாடைப் பையில் மொண்டு வந்து, மெதுவாக நடக்கிறவர்களின் காலில் ஊற்றுவான். அவர்கள் துடித்து ஓடுவார்கள். "சுறுசுறுப்பு இவங்க உடம்புலயே இருக்கு. வெளிய எடுக்கத்தான் ஆள் வேணும்" என்று கொக்குகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

அவசரக்காரனைப் பார்த்து, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறான் என்கிறோம். தன் காலில் தானே வெந்நீர் ஊற்றிக்கொண்ட உயிர் எதையும் நான் கண்டதில்லை. ஊற்றியவன் ஒருவன் இருப்பான்.

கழியில் நீதிமுறை இல்லாமல் இல்லை. தீங்கு செய்தவன் பெயரை ஈரச் சேற்றில் காலால் கீற வேண்டும். சபை கேட்க நாரை அதை உரக்கப் படித்துவிட்டால், அவன் கழியை விட்டுப் போக வேண்டும். படிக்குமுன் சூரியன் விழுந்தால், வழக்குச் சொன்னவர் போக வேண்டும். உள்ளான்களும் எழுதிப் பார்த்தவர்கள்தான். ஆனால் பெரியவன் பெயரைச் சொல்லிப் பழகாத கூட்டம். ஒவ்வொரு முறையும் 'அண்ணாச்சி' என்றே எழுதினார்கள்.

"எந்த அண்ணாச்சி? இங்க தடுக்கி விழுந்தா அண்ணாச்சி" என்று நாரை தள்ளிவிடும். எழுதியவர்கள் ஒவ்வொருவராகக் கழியை விட்டுப் போனார்கள்.

ஒருநாள் வெந்நீர் மாடத்தி என்ற உள்ளானின் காலில் விழுந்தது. வரப்போரம் முட்டையிட்டு, நடை தளர்ந்திருந்தவள். தோல் உரிந்தது. அவள் ஓடவில்லை.

"ஓடிரு மதினி. கண்ணை மூடிக்கிட்டு ஓடிரு" என்றான் கொழுந்தன் இசக்கி.

"ஓடி ஓடித்தான் இங்க வந்து நிக்கோம்" என்றாள்.

மாலையில் சபை கூடியது. வெந்த காலை இழுத்து இழுத்து, மாடத்தி அண்ணாச்சியின் உண்மைப் பெயரில் முதல் எழுத்தைக் கீறினாள். கூழைக்கடா நீரில் சிறகை ஓங்கி அடித்தான். எழும்பி வந்த அலை எழுத்தைத் துடைத்தது.

"கடல் அடிக்குது. அதுக்கும் நாந்தான் பொறுப்பா?" என்றான்.

"எழுத்து நின்னாத்தான் படிக்க முடியும், தாயி. பொழுது சாயுது" என்றது நாரை.

அவள் மறுபடி கீறினாள். மறுபடி அலை. சூரியன் நீரைத் தொட்டது. வரப்பில் அவளுடைய முட்டைகள் கிடந்தன. தோற்றால் அவற்றை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளான் கூட்டம் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இசக்கிதான் முதலில் இறங்கினான். அலை பின்வாங்கியதும் பாய்ந்து வந்து, மாடத்தியின் எழுத்துக்கு அருகே பெயரின் அடுத்த கீறலைப் போட்டுவிட்டு மேலே ஓடினான். அவன் பின்னால் இன்னொருவன். பிறகு கூட்டம் முழுவதும். ஆளுக்கொரு கீறல். அலை துடைத்தது. துடைத்த ஈரம் வடியுமுன் திரும்ப இறங்கினார்கள்.

"இறால் விரட்டச் சொன்னா கால் வலிக்கும். இதுக்கு மட்டும் வலிக்கலையோ?" என்று கத்தினான் கூழைக்கடா.

"இது எங்க வேலை, அண்ணாச்சி" என்றான் இசக்கி, ஓடிக்கொண்டே.

செம்பிழம்பின் விளிம்பு மட்டும் மீதி இருந்தபோது, இரண்டு அலைகளுக்கு நடுவே பெயர் முழுதாக நின்றது.

உள்ளானுக்கு அன்று பிடித்த ஓட்டம்தான். இன்றும் அலை இறங்கினால் கூடவே இறங்கிச் சேற்றைக் கீறுகிறது, அலை ஏறுமுன் மேலே ஓடுகிறது. வெந்நீர்க்கால் பறவை என்று கரையில் நின்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அது எழுதுகிறது.

அன்று கொக்கும் நண்டும் சாட்சியாக நிற்க, நாரை கழுத்தைத் தாழ்த்திப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து, கழியெங்கும் கேட்கும்படி படித்தது:

"பூதலிங்கம்."