கூடுதலாக இரண்டு கால்

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் ஷமீமா கம்ப்யூட்டர் அசெம்பிளி சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படிக்க வந்தவர்களில் செல்வதாஸ்தான் மூத்தவர். அவளுடைய வாப்பாவைவிடவும் மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய மகள் ஷெர்லின் கணவன் வீட்டை விட்டு அவரிடமே வந்திருந்தாள். கட்டட வரைபடம் போடுகிறவள். வேலை செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

"கடையில ரெடியா கிடைக்குமே சார்," என்று முதல் நாளே ஷமீமா சொன்னாள்.

"என் கையால செஞ்சு குடுக்கணும் டீச்சர்."

அன்று மதர்போர்டைக் கேபினெட் பெட்டிக்குள் பொருத்தும் பாடம். உள்தகட்டில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்களை முடுக்க வேண்டும். போர்டை அவற்றின் மேல் வைத்து, போர்டில் இருக்கும் துளைகள் வழியாக ஸ்க்ரூ போட வேண்டும். போர்டு தகட்டில் படவே கூடாது. இதைச் சொல்லிவிட்டு ஷமீமா அடுத்த மேஜைக்குப் போனாள்.

செல்வதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் போர்டின் நடுப்பகுதி அந்தரத்தில் நிற்பதுபோல் அவருக்குப் பட்டது. பொட்டலத்தில் கால்கள் மிச்சம் இருந்தன. போர்டைத் தூக்கிவிட்டு, அவற்றில் இரண்டை நடுவில் முடுக்கினார். அதற்குமேல் போர்டை வைத்து ஸ்க்ரூ போட்டு, ஒயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் அப்படியே.

ஷமீமா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஒயர்களை உருவி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, போர்டைத் தூக்கினாள்.

"இந்த ரெண்டும் எதுக்கு சார்?"

"தாங்கலுக்கு. கூட ரெண்டு இருந்தா பலம்தானேன்னு..."

அவள் போர்டைக் கவிழ்த்து அவரிடம் நீட்டினாள். "மெதுவா தடவிப் பாருங்க."

ஈயப் பற்றுகள் முள்முள்ளாக விரலில் குத்தின.

"இது அத்தனையிலயும் கரண்ட் ஓடும் சார். துளை இருக்கிற இடத்தில மட்டும்தான் கால் படலாம். மத்த எங்க பட்டாலும் ஷார்ட்டாயிரும்."

"போயிருச்சா?"

"மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

அந்த இரண்டு கால்களையும் அவரே கழற்றினார். போர்டைத் திரும்ப வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கி, ஒயர்களை மாட்டினார். ஷமீமா பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது. நிற்கவில்லை.

பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். செல்வதாஸ் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அதான் ஓடுதே. இன்னும் என்ன சார்?"

"ஷெர்லின் திங்கக்கிழமை வீட்டை விட்டு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போறாளாம்."

"ஏன்?"

"அதான் எனக்கு விளங்கல. வக்கீல் பாத்து வச்சேன். தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் வேலைக்குச் சொல்லி வச்சேன். பாஸ்டர் தினமும் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போறாரு. தனியா கிடக்கக் கூடாதேன்னு அவ அத்தையைக் கூட்டிட்டு வந்து அந்த ரூம்லயே படுக்க வச்சிருக்கேன். நேத்து என்னைப் பாத்து, 'மூச்சு முட்டுதுப்பா'ன்னு சொல்லிட்டு அழுதா. இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க டீச்சர். செய்யுதேன்."

ஷமீமா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவங்களா உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா சார்?"

"அவ எதுவும் கேக்க மாட்டா." பிறகு யோசித்தார். "வந்த அன்னைக்கு வாசல் சாவி ஒண்ணு கேட்டா. அவளுக்குன்னு தனியா. நான்தான் எந்நேரமும் வீட்டில கிடக்கேனே, தட்டினா திறக்கேன், உனக்கு எதுக்கும்மான்னு சொன்னேன். அப்புறம் கேக்கல."

"சாவி இப்ப உங்ககிட்ட இருக்கா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கு."

"கீழ இறங்கினா எதுத்தாப்ல சாவி போடுற கடை இருக்கு சார். அவரு அடைக்கிறதுக்குள்ள போங்க."