நிற்காத தாளம்

மரங்கொத்தி வானம்பாடியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது, அது பாடுவதற்காக மேலே கிளம்பிய ஒரு காலையில்தான். கிளம்பும் முன் வானம்பாடி வெட்டுக்கிளி ஒன்றை விழுங்கிவிட்டு, புல்லில் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இருவரும் ஒரே குழு. வானம்பாடி வானத்தில் ஏறிப் பாடும். மரங்கொத்தி மொட்டைப் பனையின் உச்சியில் உட்கார்ந்து தாளம் போடும். அந்தப் புதர்க்காடு முழுவதும் அவர்களுக்கு ரசிகர்கள். முயல்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு வரும். கௌதாரிகள் குஞ்சுகளோடு வந்து முன்னால் இடம்பிடிக்கும்.

பாடும்போது வானம்பாடி கண்ணை மூடிக்கொள்ளும். அத்தனை உயரத்துக்குக் கீழே இருந்து கத்தினாலும் கேட்காது. தாளம் மட்டும் கேட்கும். அதனால் இருவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வல்லூறு தென்பட்டால் மரங்கொத்தி தாளத்தை நிறுத்திவிடும். தாளம் நின்றதும் வானம்பாடி கல்லைப் போலப் புல்லுக்குள் விழுந்துவிடும். அப்படித்தான் அது இதுவரை பிழைத்திருந்தது.

அன்று ரசிகர் மன்றத் தலைவரான குரங்கு தன் கூட்டத்தோடு வந்தது. எல்லாக் குரங்குகளின் கையிலும் கொட்டாங்கச்சிகள்.

“இது எதற்கு?” என்று கேட்டது மரங்கொத்தி.

“தலைவர் பாடும்போது நாங்களும் சேர்ந்து தட்டப் போகிறோம் அண்ணே.”

“வேண்டாம்பா. வல்லூறு வந்தால் நான் நிறுத்துவேன். நிறுத்தியது மேலே பாடுகிறவனுக்குத் தெரிய வேண்டும்.”

“நீங்கள் நிறுத்தினால் நாங்களும் நிறுத்திவிடுகிறோம். ரசிகன் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?”

வானம்பாடி சிரித்தது. “விடுங்கள் அண்ணே. ஆசையாக வந்திருக்கிறார்கள்.”

“போவது உன் உயிர், தம்பி.”

“நீங்கள் பார்த்துக்கொள்ளும்போது எனக்கு என்ன?” என்று சொல்லிவிட்டு அது மேலே ஏறியது.

முதல் பாட்டு முடிந்தது. “ஒன்ஸ்மோர், தலைவா!” என்று காடே கத்தியது. வானம்பாடி இன்னும் உயரே போய் மறுபடி பாடியது. குரங்குகள் தலையை ஆட்டி ஆட்டித் தட்டின. முயல்கள் பின்னங்காலால் தரையை உதைத்தன.

மலைப்பக்கத்திலிருந்து வல்லூறு வந்தது. மரங்கொத்தி சட்டென்று நிறுத்தியது.

ஓர் அணில் மட்டும் நிமிர்ந்து பார்த்தது. “அண்ணன் நிறுத்திவிட்டாரே?”

“மூக்கு வலித்திருக்கும்” என்றது குரங்கு. “நாம் எதற்கு இருக்கிறோம்? பாட்டு கெடக் கூடாது. ஓங்கித் தட்டுங்கள்!”

மரங்கொத்தி பனையிலிருந்து பாய்ந்து வந்தது. “நிறுத்துங்கள்! வல்லூறு!” என்று அலறியது. சத்தத்தில் எவர் காதிலும் விழவில்லை. அது குரங்கின் கையைக் கொத்தியது.

“நம் தாளம் நன்றாக இருக்கிறது, அவருக்குப் பொறுக்கவில்லை” என்று குரங்கு பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது. கையை நக்கிவிட்டு மறுபடியும் தட்டியது.

மேலே வானம்பாடிக்குத் தாளம் விடாமல் கேட்டது. தாளம் இருந்தால் ஆபத்து இல்லை. அது கண்ணை மூடி நிம்மதியாகப் பாடியது.

பாட்டு பாதியில் அறுந்தது. கொட்டாங்கச்சிகள் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒலித்தன.

சில இறகுகள் காற்றில் இறங்கி வந்தன. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு குரங்குகள் அவற்றுக்காகக் கடித்துக்கொண்டன. மன்றத் தலைவர் மட்டும் மரங்கொத்தியின் எதிரில் வந்து உட்கார்ந்து அழுதது. அது பொய் அழுகை இல்லை.

“அவருக்காக என் உயிரையே கொடுத்திருப்பேனே அண்ணே.”

“உன் உயிரை யார் கேட்டது? கொஞ்சம் கையை நிறுத்தத்தான் சொன்னேன்” என்றது மரங்கொத்தி.

ஒருவர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், அவரைக் காப்பாற்றும் குரலை அமுக்கும்படி ஆரவாரம் செய்யக் கூடாது. மரங்கொத்தி இப்போது பூச்சிக்காக மட்டும்தான் கொத்துகிறது.