கிளையைத் தாழ்த்திய மாளிகை

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் ஒரே ஒரு கிளை தண்ணீர்ப் பக்கம் நீண்டிருந்தது. அதில்தான் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும்.

அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம். ஆண் குருவி முதலில் வீட்டைக் கட்ட வேண்டும். பெண் குருவி வந்து உள்ளே புகுந்து, நாரை இழுத்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பறந்துவிடும்!

போன மழைக்காலத்தில் செங்கோடன் என்ற குருவி கட்டிய வீட்டைப் பார்த்த பெண் அப்படித்தான் பறந்தாள்.

"இடம் பத்தலை, அதான்!" என்று அவனே காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். "இந்த வருசம் கட்டுறேன் பாரு! ஏரியே அண்ணாந்து பார்க்கணும்!"

கட்டினான். மாமியாருக்கு ஓர் அறை, மாமியாரோடு சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போய் உட்கார ஓர் அறை, அண்ணாந்து பார்க்கிறவர்களைக் குனிந்து பார்க்க ஒரு மாடம்! அதன் நிழல் விழுந்த இடத்தில் மீன்கள் பொழுது சாய்ந்துவிட்டது என்று தூங்கப் போயின. சூரியன்கூடக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் போனது.

காற்றில் கூடு ஆடாமலிருக்க உள்ளே களிமண் அப்புவார்கள். மற்றவர்களுக்கு நாலு உருண்டை போதும். இவன் அப்பிய அப்பில் தென்கரை பள்ளமாகிவிட்டது!

கிளை தாழ்ந்தது. அதே கிளையின் நுனியில் அஞ்சலைக் குருவியின் சின்ன வீடு. உள்ளே மூன்று முட்டைகள். அதுவும் சேர்ந்து தாழ்ந்தது.

அஞ்சலை கொக்கையும் தவளையையும் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்க வந்தாள்.

"தம்பி, என் வாசல் தண்ணிக்கு ரெண்டு விரல்தான் மேலே நிக்குது! உள்ளே முட்டை இருக்குப்பா!"

"பொறாமை அக்கா, பொறாமை!"

"நிழல்ல எனக்கு மீனே தெரியலைடா!" என்று கொக்கு சீறியது.

"அட, கொக்கண்ணே! மாடத்துல நின்னு பாருங்க. எட்டு ஊர் மீன் தெரியும்!"

"அப்படியா?" கொக்கின் கழுத்து சுருங்கியது. "வடக்குப் பார்த்த மாடமா? காத்து வருமா?"

"என் வெயிலைத் திருடிட்டியே!" என்று தவளை கத்தியது.

"உங்களுக்குன்னே மாளிகையில மண் தொட்டி ஒண்ணு வைக்கிறேன். தண்ணி ரொப்பி!"

"மூடி போட்டதா?" என்றது தவளை.

நியாயம் கேட்க வந்த மூவரில் இப்போது அஞ்சலை மட்டும்தான் மிச்சம்! அவள் யோசித்தாள். இவன் யார் சொன்னாலும் கேட்க மாட்டான், வீடு பார்க்க வருகிற பெண் சொன்னால் ஒழிய.

மறுநாளே பொன்னரசி என்ற குருவியை அழைத்துவந்தாள்.

செங்கோடன் இறக்கையை நீவிக்கொண்டு நின்றான். தொட்டியில் தவளை குளித்துக்கொண்டிருந்தது. பொன்னரசி உள்ளே போனாள். போனவள் வரவேயில்லை. வெயில் ஏறிய பிறகு பின்பக்கமாக வந்து, "இது யார் வீடு?" என்று கேட்டாள்.

"நம்ம வீடுதான்!" என்றான் செங்கோடன்.

"வழி தெரியாம மாமியார் அறையில மூணு தடவை மாட்டிக்கிட்டேன்! அது சரி, வாசல் ஏன் இவ்வளவு அகலம்? சாரைப்பாம்பு சம்சாரத்தோட வருமா?"

அந்த நேரம் பார்த்துக் கொக்கு மாடத்தில் வந்து இறங்கியது!

மளமளவென்று கிளை சரிந்தது. அஞ்சலை வீட்டு வாசல் தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஐயோ, என் முட்டை!" அஞ்சலை கதறினாள். "கொக்கண்ணே, பறங்க! பறங்க!"

"கால் களிமண்ணுல சிக்கிக்கிச்சும்மா!"

"தவளையண்ணே, குதிங்க!"

"இரும்மா, முதுகு தேய்ச்சுட்டு வரேன்!"

தண்ணீர் கூட்டின் வயிற்றுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பொன்னரசி செங்கோடனைப் பார்த்தாள். "பக்கத்து வீட்டு முட்டையைத் தண்ணியில இறக்குற ஆளு, என் முட்டையை எங்கே வைப்பே?"

செங்கோடன் தன் மாளிகையைப் பார்த்தான். அஞ்சலையைப் பார்த்தான். மாளிகையைக் கிளையோடு கட்டிய முடிச்சுக்குப் பாய்ந்தான். தானே போட்ட முடிச்சு. கொத்தினான், இழுத்தான், கடித்தான்!

பட்!

மாளிகை தொப்பென்று ஏரியில் விழுந்தது. கிளை விர்ரென்று மேலே எகிறியது. மாளிகை விழுந்த அதிர்ச்சியில் மாடத்து விளிம்போடு பிய்த்துக்கொண்டு கொக்கு பறந்தது பாருங்கள், அடுத்த ஏரியில்தான் இறங்கியது! அங்கிருந்தவர்கள் புது மாதிரி பறவை என்று இளநீர் கொடுத்து உபசரித்தார்களாம். தவளை மட்டும் தொட்டியோடு மிதந்து, படகு வாங்கியதாகப் பெருமை பேசியது.

அஞ்சலை கூட்டுக்குள் பாய்ந்தாள். நார் நனைந்திருந்தது. முட்டைகள் மூன்றும் காய்ந்த மெத்தையில் வெதுவெதுப்பாக இருந்தன!

செங்கோடன் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். "அக்கா, மன்னிச்சிரு. எனக்கு வீடும் போச்சு, பொண்ணும் போச்சு."

"பொண்ணு எங்கே போனா? இங்கேதானே நிக்கிறேன்!" என்றாள் பொன்னரசி. அவள் அலகில் ஒரு நார். "எழுந்திரு. நான் ஒருத்தி உள்ளே போய், திரும்பி உட்கார்ற அளவுக்கு ஒண்ணு கட்டு. போதும்!"

அண்டை வீட்டுக்காரர் தலைக்குமேல் தண்ணீர் ஏறும்படி எவ்வளவு பெரிய மாளிகை கட்டினாலும், அதில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது.