அருந்ததி பார்க்கப் போன உண்ணாமலை

ஒரு ஊர்ல ஒரு உண்ணாமலை இருந்தாளாம். இருட்டைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சவ. சிரிக்காதே, கேளு.

அவ கல்யாணத்தப்போ ஐயர் பட்டப்பகல்ல வானத்தைக் காட்டி, "அருந்ததி நட்சத்திரம் தெரியுதாம்மா?"ன்னார். சுள்ளுன்னு வெயில். ஒரு மண்ணும் தெரியல. ஆனா "தெரியுது"ன்னுட்டா. எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் சொல்லும். நீ பல்லே தேய்க்காம தேய்ச்சேங்கிறியே, அந்த மாதிரி. மாப்பிள்ளை ஏகாம்பரம் மட்டும் காதுகிட்ட வந்து, "பொய்யி! இரு, ஒருநாள் ராத்திரி நெசமாவே காட்டுறேன்"ன்னான். ம் சொல்லு.

"ம்."

காட்டவே இல்ல. இன்னைக்கு நாளைக்குன்னு வருசம் ஓடிப்போச்சு. அப்புறம் அவன் செத்தும் போயிட்டான், பாவி. வீட்ல பேச்சுச் சத்தமே இல்ல. மிக்ஸி ஓடினாத்தான் சத்தம். அப்போ அவளுக்கு ஒரே ஒரு ஆசை, அந்த அருந்ததியை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்னு.

மொதல்ல மொட்டைமாடிக்குப் போனா. எதிர்ல நகைக்கடை போர்டு பளிச்சு பளிச்சுன்னு எரியுது. வானமே கழனித்தண்ணி கலர்ல இருந்துச்சு.

அப்புறம் ஏரிக்கரைக்குப் போனா. அங்க பைபாஸ் ரோட்டு விளக்கு, பனைமரம் உசரத்துக்கு. லாரி வேற ப்பாம்ம்ம்னு கண்ணுல லைட் அடிச்சிட்டுப் போச்சு.

அப்புறம் ஒரு சித்திரை அமாவாசைக்கு ஜவ்வாது மலைக்குக் கடைசி பஸ் ஏறி, பாதி வழியில இறங்கினா.

"இங்க ஒண்ணுமே இல்லையேம்மா?"ன்னார் கண்டக்டர்.

"அதுக்குத்தாம்ப்பா வந்தேன்."

பஸ் கர்ர்ர்னு போயிடுச்சு. கும்மிருட்டு. சில்வண்டு ரீ...ங்னு கத்துது. தூங்கிட்டியா?

"ம்ஹூம். அவங்க பயப்படலையா?"

பயந்தா. யாருகிட்டச் சொல்லுவா? அண்ணாந்து பார்த்தா, அம்மாடி! பொரியைக் கொட்டினாப்ல அவ்வளவு நட்சத்திரம். அருந்ததிக்கு அடையாளமா வழக்கமா தெரியற சப்தரிஷி ஏழு நட்சத்திரம்கூடக் கூட்டத்துல காணாமப் போச்சு. கைநீட்டிக் காட்டத்தான் ஆள் இல்லையே. "சொன்ன மனுசன் எங்கய்யா போனே?"ன்னு ஓன்னு அழுதா.

அழுது ஓய்ஞ்ச அப்புறம் கண்ணு இருட்டுக்குப் பழகிடுச்சு. மெதுவா வடக்கால தேடினா. அதோ, கரண்டி மாதிரி ஏழு. காம்புல நடுவுல இருக்கே, அது வசிட்டர். அவரை ஒட்டிக்கிட்டு, மினுக் மினுக்னு இத்துனூண்டா, அதுதான் அருந்ததி, அவர் பொண்டாட்டி. பார்த்துட்டா!

அப்புறம் போர்வையை விரிச்சுப் படுத்தா. நடுவுல படுக்கல. ஒரு ஓரமா நகர்ந்து, பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விட்டுப் படுத்துக்கிட்டா.

அவ்வளவுதான், கதையும் படுத்தாச்சு. நீ கண்ணை மூடு, நான் விளக்கை அணைக்கிறேன்.