மொட்டை மாடியில் கட்டிய தண்ணீர்

“மொட்டை மாடி மூலையில சிமென்ட் பூச்சே சரியா ஏறலையே. இது ஒரு மழைக்குக்கூடத் தாங்காதுடி” என்று சித்தாள் அஞ்சலாட்சி படியில் உட்கார்ந்து தோழியிடம் சொன்னது, மேலே ஏறி வந்த காண்ட்ராக்டர் குலசேகரன் காதில் விழுந்துவிட்டது. அவருக்குப் பின்னால் அந்தப் புதுக் கட்டடத்தில் வீடு வாங்கியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

“இருபது வருஷம் ஒழுகாதுன்னு எழுதிக் கொடுத்தவன் நான். எங்கே, ஒரு சில்லுகூட உடைக்காம ஒழுகும்னு காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

அஞ்சலாட்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போன கட்டடம் ஒழுகியபோதும் அவள் கலந்த கலவையைக் குறை சொல்லி அவளைத்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

“எதுக்கு சார் உடைக்கணும்? எப்பவும் செய்யறதுதானே. மாடியில மழைத்தண்ணி இறங்குற குழாய் வாயைச் சாக்கால அடைச்சு, ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பார்ப்போம்.”

வீடு வாங்கியவர்கள் தலையாட்டினார்கள்.

“தாராளமா கட்டு. ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காது” என்றார் அவர்.

சாயங்காலத்துக்குள் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

“ஒரு சொட்டும் இறங்காதுல்ல சார்?”

“எத்தனை தடவை சொல்றது?”

“அப்போ ஒண்ணு செய்ங்க. உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகைக் கட்டெல்லாம் கார்ல கிடக்கே. அதைக் கொண்டாந்து இந்த மூலைக்கு நேர் கீழே இருக்கிற ரூம்ல வெச்சுப் பூட்டிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு எல்லாரும் சேர்ந்து திறப்போம்.”

எல்லோரும் குலசேகரனைப் பார்த்தார்கள்.

அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் போய், குழாய் வாயிலிருந்த சாக்கை உருவினார்.