பையோடு நட்ட மகிழங்கன்று

ஒரு பல்கலைக்கழகம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நம் பக்கம்தான். அங்கே தாவரவியல் துறைக்குத் தலைவராகச் சற்குணம் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். கோபப்படத் தெரியாத மனிதர்.

அவரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் இசக்கியம்மாள். வாங்கிய கையோடு அதே துறையில் கௌரவ விரிவுரையாளர் ஆனாள். ஆகி எட்டு வருஷம். ஒவ்வொரு ஏப்ரலிலும், 'என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகிக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். ஜூனில் புது ஆளைப்போல விண்ணப்பிப்பாள். தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரம் செய்யுங்கள் என்று பின்னால் யாரும் கேட்டுவிடக் கூடாது அல்லவா, அதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

ஒவ்வொரு ஏப்ரலிலும் பேராசிரியர் சொல்வார், "இந்த ஒரு வருஷம் பொறும்மா. இடம் வருது."

அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் விழா. 'இளம் ஆய்வாளர் ஆதரவுத் திட்டம்' என்று புதிதாக ஒன்றைத் துணைவேந்தர் தொடங்கிவைக்கிறார். வாசலில் தோரணம். அறிவிப்புப் பலகையில் விதிமுறைகள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. இசக்கியம்மாளுக்கு முப்பத்தேழு.

அவள் அதைப் படித்துவிட்டு நேராக நாற்றங்காலுக்கு வந்தாள். பேராசிரியர் அங்கேதான் நின்றிருந்தார்.

"சார், ஓசூர்ல ஒரு திசு வளர்ப்புக் கம்பெனி கூப்பிடுறாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். போகட்டுமா, இருக்கட்டுமா?"

பேராசிரியர் திரும்பினார். தோட்டக்காரர் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்.

"அந்த மகிழங்கன்றை எடுத்துட்டு வாங்க."

"எடுத்துத்தான் வச்சிருக்கேன், சார். குழியும் வெட்டியாச்சு. துணைவேந்தர் வந்தா மண்ணை மட்டும் தள்ளணும்."

அந்தக் கன்றுக்கு ஒரு கதை உண்டு. விழாவுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் அதைத்தான் நடுவார்கள். கறுப்புப் பையோடு குழியில் இறக்கி, பை தெரியாமல் மண்ணை மூடி, படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் கோமதிநாயகம் அதைத் தூக்கிக்கொண்டுபோய் நாற்றங்காலில் வைத்துவிடுவார். விழா நடக்கிற மைதானத்தில் கட்டடம் வரப்போகிறது என்று பேச்சு. நட்டால் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று, கன்றைக் காப்பாற்ற இந்த யோசனையைச் சொன்னவர் பேராசிரியர்தான். ஐந்து வருஷமாகக் கட்டடம் வரவில்லை. கன்றும் அதே பையில்.

"அமைச்சர் நட்டாரு, ரெண்டு துணைவேந்தர் நட்டாங்க, வெளிநாட்டுக்காரர் ஒருத்தர்கூட நட்டாரு," என்றார் கோமதிநாயகம். "இம்புட்டுப் பெரிய ஆளுங்க நட்டும் என் முழங்காலுக்கு மேல வரமாட்டேங்குது, பாருங்க."

பேராசிரியர் பேனாக்கத்தியை எடுத்து இசக்கியம்மாளிடம் நீட்டினார்.

"பையைக் கிழி."

கோமதிநாயகம் பதறினார். "சார், இன்னும் ஒரு மணி நேரத்துல விழா. பை இல்லாம எப்படி நாளைக்குத் திரும்ப எடுக்கிறது?"

"கிழிம்மா."

அவள் மேலிருந்து கீழே கிழித்தாள். பை கழன்று விழுந்தது. கன்று மட்டும் அப்படியே பையின் வடிவத்தில் நின்றது. மண் அதிகம் இல்லை. சுற்றிச் சுற்றி வேர். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் போய், திரும்பவும் மேலே வந்து இறுக்கியிருந்தது.

அவள் விரலால் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். அது ஒடிந்தது.

"இதுக்குத் தினமும் தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"நான்தான் சார். கோமதி அண்ணன் லீவு போட்டாக்கூட ஊத்துவேன்."

"ஒருநாளாவது வாடுச்சா?"

"இல்ல சார். எப்பவும் பச்சையாத்தான் இருந்தது."

"அதனாலதான் பைக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் பார்க்கல. நானும் பார்க்கல."

"இப்போ நட்டா?"

"சுத்தின வேரை வெட்டிட்டு நடலாம். சிலது பிழைக்கும். வெட்டாம நட்டா இலை விடும், பூக்கூட பூக்கும். பெருங்காத்து ஒண்ணு அடிக்கிற வரைக்கும் எதுவும் தெரியாது."

இசக்கியம்மாள் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தபடி நின்றாள். மைதானத்தில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அப்போ போகச் சொல்றீங்களா, சார்? முப்பத்தேழு வயசுல போய்ப் புதுசா தொடங்கணும். அங்கே எனக்கு மேலே இருக்கப்போறவ இருபத்தொன்பது வயசுக்காரி. போன்ல பேசினா. மரியாதையாத்தான் பேசினா."

"நீ போ."

"இத்தனை நாளும் இருக்கச் சொன்னது நீங்கதானே?"

பேராசிரியர் கத்தியை வாங்கி மடக்கினார். மடக்க நேரமாயிற்று.

"இசக்கி, அந்தக் கம்பெனி உன்னைத் தேடுறது இது முதல் தடவை இல்ல. நாலு வருஷம் முன்னாடி அவங்க முதலாளி எனக்குப் போன் பண்ணார். உங்க மாணவி ஒருத்தி எழுதின கட்டுரையைப் படிச்சோம், புது ஆய்வகத்துக்கு அவதான் பொறுப்பு எடுக்கணும்னார். அவளுக்கு இங்கேயே இடம் வருது, அங்கே வரமாட்டான்னு நான் சொல்லிட்டேன்."

கோமதிநாயகம் கிழிந்த பையைப் பொறுக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

"இடம் வருதுன்னு உங்களுக்கு யார் சார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. வரும்னு நினைச்சேன். ஆய்வகம், பசங்க, வகுப்பு, எல்லாம் நீயே பார்த்துக்கிட்டே. துறை நல்லா ஓடிச்சு."

அவள் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்பே," என்றார் பேராசிரியர்.